நாற்பத்தொரு கிலோ

சோமனூரில் ஏற்றும்போது போட்ட சீட்டு
நாலாயிரத்து இருநூற்றுப் பத்து.
வெள்ளகோவில் எடைமேடையில், என் கண்ணாடிக் கூண்டுக்குள்,
சிவப்பு எண்கள் கொஞ்சம் தத்தளித்து நின்றன:
நாலாயிரத்து நூற்று அறுபத்தொன்பது.

"வழியில எங்கீங்க எறக்குனீங்?" என்றார் மில் கணக்கர்.
சென்னியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.
அதிலிருந்தும் கொஞ்சம் கழிவுப்பஞ்சு போனது.
"பறந்திருக்குமுங்க. தார்ப்பாய் ஓரம் கிழிசல்."
"காத்து எங்கீங்க இருக்குது? மார்கழி.
காத்தாடி ஒண்ணாச்சும் சுத்துதா?"

உண்மைதான்.
என் கூண்டுக்கு மேலே மாட்டுத்தீவன விளம்பரத் துணி
நனைந்த வேட்டிபோலத் தொங்கிக் கிடந்தது.

நான் சொல்லியிருக்கலாம்.
மூன்று பருவம் வானியற்பியல் படித்துவிட்டு
லாரிக்கு எடை போடுகிறவள்.
காற்று வேண்டியதில்லைங்க,
போகிறவன் இருந்தால் போதும் என்று.

பத்துப் பன்னிரண்டு விண்மீன்திரள்கள் கூடிய
சிறு கூட்டம் ஒன்று.
இடையில் எல்லாம் கொதிக்கிற வெட்டவெளி;
குடம் நிறைய மொண்டாலும் பத்து அணு தேறாது.
வெளியிலிருந்து ஒரு திரள் அதற்குள் விழுகிறது,
நொடிக்கு முந்நூறு கிலோமீட்டர்.
சும்மா கிடந்த அந்த வெறுமை
அதன் முகத்தில் எதிர்க்காற்றாகிறது.

நட்சத்திரங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.
வாயு மட்டும்,
நடுவின் பிடி எட்டாத ஓரத்து ஹைட்ரஜன்,
பின்னொரு நாள் நட்சத்திரமாக இருந்தது,
அதுதான் முதலில் கழல்கிறது.
பின்னால் நீள்கிறது வால்.
கோடி கோடி ஆண்டுகள் கழித்து
நீலம் வற்றி,
மிச்சத்தை எரித்தபடி சிவந்து நிற்கும் திரள்.
யாரும் திருடவில்லை.

சொல்லவில்லை.
கணக்கர் வாடகையில் எண்ணூறு பிடித்தார்.
சீட்டில் குறைவுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
'வழி' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'ஓட்டுநர்' என்று எழுதினார்.
சரக்கை இறக்கிய வெறும் வண்டிக்கு
சென்னியப்பன் தார்ப்பாயை
இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் காங்கேயம் பஸ்.
ஓலப்பாளையம் வரைக்கும் சாலையோரக் கருவேலமுள்ளில்
அங்கங்கே வெள்ளை.
வாலுக்குள்ளும் சில இடங்களில்
நட்சத்திரம் பிறப்பதுண்டாம்.
அந்தப் பாடம் வருவதற்குள்
பணம் கட்ட முடியாமல் நின்றுவிட்டேன்.

ஒரு சில்லை
முள்ளில் சிக்கிய துணுக்கை இழுத்தது.
வரவில்லை.
தலையைச் சாய்த்து
வேறு பக்கமிருந்து இழுத்தது.
பஸ் நகர்ந்துவிட்டது.