குண்டு விழுந்த தூரம்

மஞ்சக்குப்பம் பத்திரப் பதிவு அலுவலகத்தில்
சர்வர் படுத்துவிட்டது.
சாப்பாட்டுக்கு மேல் வாருங்கள் என்றார்கள்.
டோக்கன் முப்பத்தொன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
வெயிலுக்கு ஒதுங்கத்தான்
அருங்காட்சியகத்துக்குள் போனோம்:
நான், தம்பி மாசிலாமணி, அவன் மனைவி ஜெயபாரதி,
மகள் இளஞ்சுடர்.

ஆட்டோவில் பேசாமல் வந்தவர்கள்
உள்ளேயும் பேசவில்லை.
இரண்டரை சென்ட்.
அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கல்லாய்ப் போன மரம்,
கை உடைந்த ஐயனார்,
துருவேறிய வாள் ஒன்று. எவன் இடுப்பில் தொங்கியதோ,
அட்டையில் 'வாள்' என்று மட்டும்.
மூலையில், முழங்கால் உயரப் பெட்டியில், அது:
'இரும்புக் குண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு.
கிடைத்த இடம்'
அதற்கப்புறம் வெறும் கோடு.

தம்பி குனிந்தான்.
பதினேழு வருடம் பீரங்கிப் படை.
இடது காது ஏதோ ஒரு பனிமலையிலேயே நின்றுவிட்டது.
லீவில் வந்தால் டி.வி.யை அலறவிடுவான்,
பீரங்கி பற்றி ஒரு சொல் வராது.
'எங்க விழுந்துச்சுன்னு எழுதாம
குண்ட மட்டும் வச்சிருக்கான்' என்றான்.
'சுட்டதும் நாங்க மொதல்ல கேக்கறது அதான்.
முன்னாடி மலையில ஒருத்தன் உக்காந்திருப்பான்,
பாத்துச் சொல்வான். நூறு கூட்டு. அம்பது கொறை.
அவன் சொல்லலேன்னா சுட்டது வீண்.'

எங்கள் ஊர்ப் பெயரிலேயே குண்டு இருக்கிறது.
குண்டு உப்பலவாடி.
கோட்டையை விலைக்கு வாங்கிய வெள்ளைக்காரன்
சுற்றிலும் பீரங்கி வைத்துச் சுட்டானாம்,
விழுந்த தூரம்வரை அவனுக்கு.
சங்கிலி இல்லை, காணிக்கல் இல்லை,
வில்லங்கச் சான்று இல்லை.
வேட்டுதான் பத்திரம்.
அன்றைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துச் சொன்னவன் யார்?
அவன் கூட்டிய நூற்றில் எத்தனை வீடு?
உப்புப் பாத்தியில் குனிந்திருந்தவள்
சத்தத்துக்கு நிமிர்ந்து, பார்த்து,
மறுபடி குனிந்திருப்பாள்.
நிமிரும்போது ஒரு ராஜ்ஜியம்
குனியும்போது இன்னொன்று.
கூலி அதேதான்.

'அப்பா, இது வெடிக்குமா?'
'வெடிக்காது. சும்மா விழும்.'
'சும்மா விழுந்தாலும் செத்துடுவாங்களா?'
கேட்காத காதுப் பக்கம் அவள் நிற்பதுபோல
அவன் திரும்பிக்கொண்டான்.
அவள் நின்றது வலது பக்கம்.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன்,
பக்கவாட்டுக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க
இன்னொரு குண்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
அட்டை இல்லாதது.
'தொடலாமா?'
'அது கணக்குலயே இல்ல பாப்பா, தொடு' என்றார் காவலாளி.
இரண்டு கையாலும் பிடித்தாள். வழுக்கியது.
ஜெயபாரதி கை கொடுத்தாள். நானும் கொடுத்தேன்.
அவள் வளையல் என் வளையலில் இடித்தது.
ஆறு மாதத்தில் நாங்கள் தொட்டுக்கொண்டது
அப்போதுதான்.
ஒரு சாண் எழும்பியது குண்டு.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தம்பி தரையில் இருந்தான்,
தலைமேல் இரண்டு கையும்.
கண்ணாடிப் பெட்டிகள் கொஞ்ச நேரம் அதிர்ந்து நின்றன.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.
வாங்கிக் குடித்தான். மூடியைத் தேடி எடுத்து
சரியாகத் திருகிக் கொடுத்தான்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.
மனசு மாறியது என்று எழுத ஆசைதான். மாறவில்லை.
கிழக்கே அவனுக்கு, மேற்கே எனக்கு,
நடுவே அளந்தபடி இரண்டரை சென்ட்.
ரேகைப் பெட்டியில் பெருவிரலை வைத்தான்.
விழவில்லை.
சட்டையில் துடைத்து வைத்தான். விழவில்லை.
பனியில் தேய்ந்ததோ, இரும்பில் தேய்ந்ததோ.
'அடுத்த விரல் சார்' என்றாள் அந்தப் பெண்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
'அடுத்தது.'
நாலாவதில்
'விழுந்துடுச்சு' என்றாள்.

பாதிதான் கேட்டிருக்கும்.
சட்டென்று என் பக்கம் திரும்பி
'எங்க?' என்றான்.