நாற்பத்தெட்டு மான்கள்

மனையாவெளியில் வாடகைக்கு எடுத்த அறை.
முன்பு யாரோ சைக்கிள் திருத்திய இடம்;
எத்தனை தரம் கழுவினாலும்
மழைக்கு முதல் நாள் சீமெந்து கிரீஸ் மணக்கும்.

அங்கேதான் தட்டுகளில் சோளமாவை நிரவி
பிளாஸ்டர் மான்களை அமுக்கி எடுப்போம்.
தட்டுக்கு நாற்பத்தெட்டுக் குழி.
கால்கள் மெல்லியவை, பாகு இறங்க யோசிக்கும்.
சில்மியா ஊசிக்குழாயால் கால்களுக்கு ஊற்றிய பிறகுதான்
உடம்புக்கு வருவாள்.
"கால் இல்லாட்டி நாய் எண்டு நினைப்பாங்க."

சீனி, குளுக்கோஸ் பாணி, சிட்ரிக் தூள்,
நிறத்துக்கு பீட்ரூட்.
ஜெலட்டின் முன்கூட்டியே ஊறிக் கிடக்கவேண்டும்.
நனைந்த தோல் செருப்பை
யாரோ அடுப்படியில் வைத்ததுபோல் மணக்கும்.
கொதிக்கவிட்டால் கோபித்துக்கொண்டு
பிடிக்காமலே இருந்துவிடும்.

மூட்டையில் இருந்ததை நான்தான் வாசித்தேன்:
மாட்டெலும்பு, மாட்டுத்தோல்.
சில்மியா மூட்டையைப் புரட்டி
ஹலால் முத்திரையைத் தேடினாள்.
இருந்தது. அவளுக்குச் சரி.
நானோ
முட்டை போட்ட கேக்கைக்கூடத் தள்ளிவைக்கிறவள்.
நாலு மாதமாக விரல் நுனியால்
ருசி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடற்பாசி வாங்கினோம்.
நோன்பு மாதத்தில் கிண்ணியாவில் அவள் வீட்டில்
ரோஸ் நிறமாய் உறையுமே, அதே பாசி.
மான்கள் கொம்பு வரை அழகாக வந்தன.
கடித்தால் உடைந்தன.
அவள் அக்காவின் மகன் அப்னான், ஆறு வயது,
"இது பொய் மான்" என்று
மீதியை என் உள்ளங்கையில் துப்பினான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
இனிப்பு சீக்கிரம் முடிந்துவிடும்.
பிறகு வாய்க்கு வேண்டியது ஒரு மல்லுக்கட்டு.
எங்கோ புல்வெளியில் மடங்கி எழும்பிய முழங்கால்
இன்னும் விட்டுக்கொடுக்காமல்
ஒரு பால்பல்லுக்கு எதிரே நிற்பது.
சில்மியாவிடம் இதைச் சொல்லவில்லை.
கணக்குக் கொப்பியில், கடன் தவணைக்குப் பக்கத்தில்,
"பாசி: இழுபடாது" என்று எழுதினேன்.

இப்போது இரண்டு பானைகள்.
பச்சை மூடி பாசிக்கு. சிவப்பு மூடி மற்றதற்கு.
சிவப்பை அவள் நாக்கில் வைத்துச் சொல்ல
நான் பார்க்காமலே புளி கூட்டுவேன்.
பள்ளிக்கூடக் கடைகள் சிவப்பைத்தான் கேட்கின்றன.

கச்சான் அடித்தால் ஒரே நாளில் காயும்.
வாடை தொடங்கினால் மிட்டாய்க்கு வேர்க்கும்.
கார்த்திகையில், கரண்ட் இல்லாத இரவொன்றில்,
ஒரு தட்டு முழுதும் உருகி
கால் எது கொம்பு எது என்று தெரியாமல்
ஒரே மந்தையாய் ஒட்டிக் கிடந்தது.
எந்தப் பானை என்று இருட்டில் குறித்துவைக்கவில்லை.
விடிய, வாசலில் வைத்தேன்.

கோட்டைப் பக்கமிருந்து வந்தது ஒரு புள்ளிமான்,
குப்பைப் பைகளை முகர்ந்து முகர்ந்து.
முதலில் மாவை நக்கியது.
பிறகு ஒரு கடி.
தாடை பக்கவாட்டில் அரைத்தது, நின்றது,
திரும்ப அரைத்தது.
தலையை நிமிர்த்தியபோது
தட்டுக்கும் வாய்க்கும் நடுவே
சிவப்பாய் ஒரு கயிறு நீண்டது.

கடைக்காரரிடம் கேட்பதுபோல்
"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆரோட கதைக்கிறாய்?" உள்ளேயிருந்து சில்மியா.
"மான்."
"என்னவாம்?"

"இழுபடுதாம்."