வாய்ப்பு: ஒன்று முதல் ஐந்து வரை

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்.
படிவத்தை என் மேசையில் போட்டு
"உனக்குத்தான் அழகான கையெழுத்து" என்றுவிட்டு
முதலாளி மகன் மன்னார்குடிக்குப் போய்விட்டார்.

முதல் கட்டம்: ஆபத்து.
பெல்ட் என்று எழுதினேன். மூடி இல்லாத பெல்ட்.
மூடி இருக்கிறது, எடைமேடைக்குப் பின்னால்.
அதில் செங்கொடி மிளகாய் காயவைத்திருக்கிறாள்.

இரண்டாம் கட்டம்: ரிஸ்க்.
இங்கே பேனா நின்றது.
பெல்ட் பாட்டுக்குச் சுற்றுகிறது.
அதன் பக்கத்தில் யார், எந்த ஷிப்டில்,
எத்தனை மணி நேரம் தூங்காமல்,
முந்தானையைச் செருகினாளா மறந்தாளா,
இரண்டாம் கட்டம் இதைத்தான் கேட்கிறது போல.

எழுந்து நடந்தேன், செருப்புக்குள் உமி ஏற.

ஊறல் தொட்டியின் விளிம்பு, பாசி. மூன்று.
பாய்லரின் அழுத்தமானி,
அடுப்பு அணைந்த பிறகும் முள் அதே இடத்தில்.
நாலு போட்டு, ஐந்தாகத் திருத்தினேன்.
கிடங்கில் தார்ப்பாய்க்குள் மாத்திரை வைத்த மூட்டைகள்,
கெட்டுப்போன மீன் வாடை.
மத்தியானம் அங்கேதான் குளிர்ச்சி என்று
கமாலுதீன் துண்டை விரித்துப் படுக்கிறார்.
"வண்டுக்கு வச்ச மருந்து, என்னை என்ன செய்யும்?"

பிறகு கோரையாற்றுப் பக்கம், சாம்பல் மேடு.
மேலே பார்த்தால் திருநீறு மாதிரி சாது.
காக்கை உட்கார்ந்து எழுந்து போகிறது.
போன தையில் சந்தன் மாஞ்சி
குறுக்கு வழி என்று கால் வைத்தான்.
முழங்கால் வரை இறங்கியது. உள்ளே கனல்.
நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
சரக்கு ரயில் போகும்வரை ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு நின்றது.
(கேட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது?)
திருவாரூர் ஆஸ்பத்திரியில் பதினேழு நாள்.
வருகைப் பதிவேட்டில் அந்தப் பதினேழுக்கும்
"விடுப்பு" என்று இருக்கிறது,
அழகான கையெழுத்தில்.

அருகில் செல்லாதீர் என்று பலகை அன்றும் இருந்தது.
தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி.
அவன் ஊர் எழுத்து இல்லை.
இருந்திருந்தாலும் வாசிக்கத் தெரியாது என்றான்,
இன்று அவனை அங்கே அழைத்துப்போய்க் கேட்டபோது.

சாக்குக்கு முத்திரை குத்தும் சிவப்பு மையைத் தொட்டு
பலகையில் ஒரு கால் வரைந்தான்.
ஐந்து விரலும் போட்டான்.
பிறகு கொஞ்சம் யோசித்து
இரண்டு விரலைத் துடைத்தான்.

மேசைக்குத் திரும்பினேன்.
படிவத்தின் கடைசி வரி:
கடந்த ஆண்டில் நேர்ந்த விபத்துகள்.
பென்சிலால் ஒரு பூஜ்யம் ஏற்கெனவே இருக்கிறது,
நான் பேனாவால் அதன் மேலேயே ஓட்டிக்கொள்ள வசதியாக.

ரப்பரைக் காணோம்.
எச்சில் தொட்டுத் தேய்க்கிறேன்.
தாள் லேசாகக் கிழிகிறது.
கிழிசலுக்குப் பக்கத்தில் எழுதுகிறேன்:
சந்தன் மாஞ்சி. இடது கால்.