உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது

என்றது பிரவுசர்.
எங்கள் நிறுவனம் என்றால்
முதலாளி நல்லதம்பி,
கணக்கு எழுதும் நான்,
மாவுத் தொட்டிகளுக்குக் காவல் காத்தவராயன்.
மூவரில் யார் நிர்வகிப்பது என்று
சிரிப்பு வந்தது,
விடிந்தால் இருபதாம் தேதி
ஜிஎஸ்டி கடைசி நாள் என்பது
நினைவுக்கு வரும்வரை.

வரித்தளம் தேடினால் கூப்பன்.
ஜவ்வரிசி மூட்டை விலை தேடினால் கூப்பன்.
வலது மூலையில் ஒருத்தி
நிமிஷத்துக்கு ஒருதரம்
'உங்கள் கணினியில் வைரஸ்' என்று கத்தினாள்.
அவள்தான் வைரஸ்.

ஐந்து ரோட்டில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரெஜினா
போனில் முதலில் கேட்டது:
'எதை இறக்குனே?'
ஒண்ணுமில்லையே.
'எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.
நெட் ஒயரைப் பிடுங்கு. அப்புறம் யோசி.'

நீல ஒயர் கையில் தொங்க யோசித்தேன்.
மூன்று வாரம் முன்பு
மரவள்ளி எடைச்சீட்டை எக்செல் ஆக்க
இலவசமாய் ஒன்று வந்தது.
சரி, சரி, சரி என்று அழுத்தினேன்.
மூன்றாவது சரியை
நான் படிக்கவேயில்லை.

இப்போது படித்தேன்:
எல்லாத் தளங்களிலும் உள்ள
உங்கள் தரவு முழுவதையும்
படிக்கவும் மாற்றவும்.
நீக்கு என்ற பொத்தான் சாம்பல் பூத்துக் கிடந்தது.
நிறுவனம் அனுமதிக்கவில்லையாம்.

புரோகிராமை எடுத்தேன்.
ரெஜினா ஒவ்வோர் எழுத்தாய்ச் சொல்லச் சொல்ல
ரிஜிஸ்ட்ரிக்குள் இறங்கி
அந்தப் பொய் நிறுவனத்தைக் கலைத்தேன்.
டெஸ்க்டாப் ஐகானின் முகவரியில்
வால்போல் ஒட்டியிருந்த இன்னொரு முகவரி;
அதையும் நறுக்கினேன்.
அவள் பென்டிரைவில் கொடுத்து வைத்திருந்த ஸ்கேன்
இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஓடிப்
பதினொன்று பிடித்தது.
காத்தவராயன் எட்டிப் பார்த்து
'பாம்பா?' என்றார்.

எந்த நாளில் நுழைந்தது என்று பார்க்க
வரலாற்றைத் திறந்தேன்.
அதற்கு மட்டும்தான்.
மூன்றாம் தேதி, இரவு 9.14.
பழைய சல்லடை இயந்திரம் என்ன விலை போகும்.
9.20. அம்மாபேட்டை சென்ட் நிலவரம்.
9.41. இருபது வருஷ ஊழியருக்குப் பணிக்கொடை எவ்வளவு.

இருபது வருஷம் என்பது
காத்தவராயன்.
எனக்குப் பதினாறு.

வெளியே உலர்களத்தில்
தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது.
என்னிடம் யாரும் சரி கேட்கவில்லை.
எல்லாவற்றையும் படித்துவிட்டேன்,
எதையும் மாற்ற முடியாது.

ரீசெட் செய்தேன்.
'வரலாற்றையும் அழிக்கவா?'
ஒரு கட்டம், ஒரு டிக்.
டீ ஆறுகிற நேரம் ஆனது அதற்கு.

பிறகு என் போனிலிருந்து
பேங்க், வரி, மெயில்
மூன்றுக்கும் பாஸ்வேர்டு மாற்றினேன்.
மூன்றுக்கும் ஆலைப் பேரும்
ஒன்று இரண்டு மூன்றும்தான் இதுவரை.
எங்கெங்கோ திறந்து கிடந்த கணக்கையெல்லாம்
வெளியேற்றினேன்.
நோட்டிபிகேஷன் கேட்ட
நாற்பத்தேழு தளத்துக்கும் தடை.
அப்டேட் தள்ளிப்போட்ட தேதி பார்த்தேன்,
போன தீபாவளி.
'சும்மா கிடைச்சா தொடாதே' என்றாள் ரெஜினா.
'எனக்குத் தட்டுவடை செட் ரெண்டு,
கார சட்னி தூக்கலா.
அது சும்மா இல்ல.'

காலை பத்தரைக்கு முதலாளி வந்தார்.
'எல்லாம் போயிடுச்சா?'
போயிடுச்சுங்க.
'எல்லாமே?'
திரையைப் பார்த்தபடி ஆமாங்க என்றேன்.
அவரும் திரையைத்தான் பார்த்தார்.

வரித்தளம் ஓடிபி கேட்டது.
சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஆறு எண்ணையும்
தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

இனிமே இதை
யாருக்கும் சொல்லாதீங்க என்றேன்.

'உனக்குமா?'

கடைசி எண்
இன்னும் அடிக்காமல் இருந்தது.
எனக்குந்தாங்க என்றேன்,
அடித்தேன்.