எண்பதில் ஒரு சத்தம்

நாற்பதில் இல்லை. அறுபதில்
யாரோ பின்சீட்டில் முனகுவது மாதிரி.
எண்பதைத் தொட்டதும்
மாவு மில்லில் பெல்ட் ஓடும் ஊளை.

சல்லாக் போகும் சாலையில்
ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றி
மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.
டயர் என்றான் அருளப்பன்.
வீல் பேரிங் என்றான் வீழிநாதன்,
பக்கத்துக் கேம்ப்பில் ஒருத்தனுக்கு அப்படித்தான் இருந்ததாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி நால்வருடையது.
டபுள் கேபின் ஹைலக்ஸ், ரெண்டாயிரத்து அஞ்சு மாடல்,
ஆளுக்கு இருநூற்றிருபது தினார் போட்டு வாங்கியது.
மில்கியா அருளப்பன் பேரில்,
கணக்கு நோட்டு என்னிடம்.
நாலாவது ஆள் சிக்கந்தர்
விசா முடித்துப் போய் இருபத்தாறு நாள்.
பங்கைப் பிறகு பார்த்துக்கலாம் என்று
ஏர்போர்ட்டில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

சல்மாபாத்தில், கராஜ்களின் சந்தில்
குல்ஸமான் உஸ்தாத் வண்டியைத் தூக்கவில்லை,
சாவியைக் கேட்டு வாங்கி அவரே ஓட்டினார்.
மிதித்தார், ஊளை.
காலை எடுத்தார், சட்டென்று அடங்கியது.
மறுபடி மிதித்தார். மறுபடி எடுத்தார்.
கோழி இறகால் காது குடைகிறவர் மாதிரி
ஒரு கண் பாதி மூடியிருந்தது.
'நீ மிதிக்கிறாயா இல்லையா என்று
டயருக்கு எப்படித் தெரியும்?'
அவர் இந்தியில் கேட்டதை
வீழிநாதன் தமிழில் சொல்லி முடிப்பதற்குள்
அதிலிருந்த சிரிப்பு ஆவியாகிவிட்டது.

பின் அச்சின் நடுவே
பூசணிக்காய் அளவு டிபரன்ஷியல்.
அடிப் போல்ட்டைக் கழற்றினார்.
இரண்டரை லிட்டர் வரவேண்டிய இடத்தில்
ஒரு டம்ளர் வந்தது.
கறுப்பைத் தொட்டு விரலில் தேய்த்து
வெயிலில் காட்டினார்.
ஜிகினா மாதிரி மினுங்கியது இரும்பு.
'எண்ணெய் இல்லாமலே ஓடியிருக்கிறது.
பினியன் சீல் ஒழுகி ஆறு மாசமாவது இருக்கும்.
தரையில் கறை பார்க்கவில்லையா யாரும்?'

பார்க்கலை என்றான் அருளப்பன்.
பார்க்கலை என்றான் வீழிநாதன்.
என் முறை வந்தபோது
எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

புதுசு நானூற்றுப் பத்து, வர மூன்று வாரம்.
ஸ்கிராப்பில் நூற்றிருபதுக்குக் கிடைக்கும்.
கேரண்டி? இந்தக் கேட்டைத் தாண்டும்வரை.
பல் தேயவில்லை, உங்கள் நல்ல நேரம்,
பேரிங்கும் சீலும் மாற்றி, எண்ணெய் ஊற்றி,
கூலியோடு நூற்று நாற்பத்தெட்டு.

மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும்.
நான்கால் வகுத்தால் துப்புரவாக முப்பத்தேழு.
சத்தம் வந்தது அவன் போன பிறகு, என்றான் வீழிநாதன்.
ஒழுகினது அவன் இருக்கும்போது, என்றான் அருளப்பன்.
சோறு ஆறும்வரை வாதாடினார்கள்.
ஃபோன் போட்டோம்.
தொண்டியில் மீன் ஏலத்தின் இரைச்சலுக்கு நடுவே
'முப்பத்தேழா? அனுப்புறேன்' என்றான்.
அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு விடியல்.
வண்டிக்கடியில் பழைய ஒரு ரூபாய் அகலத்தில் கறை.
சீல் மாற்ற ஆறு தினார்.
அந்த மாசம் வண்டிக் கணக்கில் ஆறு தினார் இல்லை,
தங்கையின் நர்சிங் ஃபீஸாக அது
ஏற்கனவே ஊருக்குப் போயிருந்தது.
செருப்பால் மணலைத் தள்ளி மூடினேன்.
மறுநாள் ஒரு அட்டையை விரித்தேன்.
வாரம் ஒருமுறை அட்டையை மாற்றினேன்.
எடுத்த காசை டிசம்பரில் வைத்துவிட்டேன்,
அட்டையை மட்டும் நிறுத்தவில்லை.

வண்டி வந்தது. எண்பது. தொண்ணூறு. நூறு.
ஊளை இருந்த இடத்தில்
டேஷ்போர்டுக்குள் ஒரு ஸ்பூன் உருள்வது கேட்டது,
வீழிநாதன் மூக்கு உறிஞ்சுவது கேட்டது.

சிக்கந்தர் எழுதினான்:
'காசு குடுத்தவனுக்குக் காட்ட வேணாமா?
ரெக்கார்ட் பண்ணி அனுப்பு.'
கியர் லீவர் பக்கம் ஃபோனை வைத்து
இருபது நொடி அனுப்பினேன்.
நீல டிக் இரண்டு விழுந்தது.
பிறகு பதில்:
'ஒண்ணும் கேக்கல.'

இரண்டு தரம் வாசித்தேன்.
நோட்டில் அவன் முப்பத்தேழு
இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.