வாலறுந்த சொல்

முதலில் போனது ஸ்.

முப்பத்தொரு வருடம் சான் நசேரில்
கப்பல் வயிற்றுக்குள் குந்தி உட்கார்ந்து
இரும்பைத் தேய்த்தவன் நான்.
காதில் பஞ்சு வைத்தால்
ஃபோர்மேன் கூப்பிடுவது கேட்காதென்று வைக்கவில்லை.
சம்பளத்தில் பிடித்தம் போக
காதிலும் பிடித்துக்கொண்டார்கள், இந்த ஒரு ஓசையை.
மற்றதெல்லாம் இருக்கிறது:
கதவு, நாய், லுவார் முகத்துவாரத்தின் மூடுபனிச் சங்கு,
பக்கத்து வீட்டு புவாசோ
தன் மோட்டார் சைக்கிளைத் திட்டுவது.

ஸ் போனால் என்ன, பாம்பா வளர்க்கிறேன் என்றேன்.
மருத்துவர் சிரிக்கவில்லை.

எங்கள் மொழியில் ஒரு சொல்.
வால் ஒலித்தால் ப்ளூஸ்: இன்னும், அதிகமாய்.
வால் விழுந்தால் ப்ளூ: இனி இல்லை, தீர்ந்தது.
எழுத்தில் இரண்டும் ஒன்றே.
இல்லை என்று சொல்ல
முன்னால் ஒரு குட்டிச் சொல் வரவேண்டும்;
பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன்.
சாப்பாட்டு மேசையில் அதை யார் சொல்கிறார்கள்?
விழுங்கிவிடுவோம், சூப்போடு சேர்த்து.

பிப்ரவரியில் ஒருநாள்
ஒதீல் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்.
போதுமா என்று என் காதில் விழுந்தது.
வயிறு நிறைந்திருந்தது. ஆமாம் என்றேன்.
இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு சூப் விழுந்தது.
சாப்பிட்டேன்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
ஈஸ்டருக்குள் பெல்ட்டில் இரண்டு துளை கூடியது.
கிழவனுக்கு இப்போதுதான் என் சமையல் பிடிக்கிறதென்று
தங்கையிடம் போனில் சொன்னாளாம்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
ஜன்னலைப் பார்த்து நின்றாள், எனக்கு முதுகு.
குழாயில் தண்ணீர். ஏதோ சொன்னாள்.
வாக்கியம் கரைந்துபோய் கடைசி மட்டும் கரை ஒதுங்கியது:
ப்ளூ.

முகம் தெரிந்தால் உதட்டைப் படித்திருப்பேன்.
உம் என்றேன்.
குழாயை மூடினாள். மாடிக்குப் போனாள்.

இதில் இன்னொரு வம்பு.
மழை பெய்தது என்றாலும் ப்ளூ.
எனக்குப் பிடித்திருந்தது என்றாலும் ப்ளூ.
ஒரே சின்னச் சட்டைப்பையில்
வானிலை, மனம், கணக்குத் தீர்த்த ரசீது.

பற்றவைத்த மூட்டைச் சோதிப்பதுபோல்
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்.
முற்றம் ஈரம். ஆனால் சான் நசேரில்
ஈரத் தரை எதற்கும் சாட்சியாகாது.
மேசையில் அவள் தம்பி மகளின் கல்யாணப் படங்கள்;
அதுதான் பிடித்திருந்ததோ?
கடைசியாக, வெட்கத்தோடு, அலமாரி உச்சி.
நீலப் பெட்டி இருந்தது.
அதன்மேல் தூசி, விரல் படாத தூசி.
நாற்பது வருடத்தில் தூசியைப் பார்த்து
இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

ஆனாலும்
பெட்டி எடுக்காமல் போகிறவர்களும் உண்டு,
அதே வீட்டுக்குள், அடுத்த நாற்காலிக்கு.

ஜூனில் கருவி பொருத்தினார்கள்.
திருமதி கெர்மாரெக்குக்கு மெல்லிய விரல்கள்;
காதுக்குள் ஒரு பருப்பளவு, அவ்வளவுதான்.
திரும்பும் பேருந்தில் ஸ் எல்லாம் ஒன்றாய் வந்து ஏறியது:
செய்தித்தாள், பிரேக், ஒரு பையனின் நைலான் மேலங்கி.
என் கார்டுராய் கால்சட்டையே
தொடைக்குத் தொடை என்னைப் புறம்பேசியது.

இரவு ஒதீல் கரண்டியைத் தூக்கினாள்.
ப்ளூஸ்?
அப்படியே, வாலோடு, மெல்லச் சீறிக்கொண்டு.
பிப்ரவரியிலிருந்து அவள் கேட்டதெல்லாம்
போதுமா அல்ல.

வயிறு நிறைந்திருந்தது.
செவ்வாய்க்கிழமை என்ன சொன்னாய் என்று
இப்போது கேட்கலாம். காது தயார்.
வாய்க்குக் கருவி செய்கிறவர்கள் இந்த ஊரில் இல்லை.

தட்டை நீட்டினேன்.
ஊற்றினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன்,
சத்தம் வராமல்.