ஏழு இருபது படகு

நான் ஆஸ்பத்திரியில் இரவு,
கஜரூபன் துறைமுகத்தில் பகல்.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில்
ஒரு துண்டுத் தாள்:
பதினாலாம் தேதி தீவுக்குப் போவமா?

வார்டு ஜன்னலில் தினமும் விடியும் தீவு.
டவுன்ஸ்வில்லுக்கு வந்து எட்டு வருஷம்,
ஒருநாளும் படகேறவில்லை.
கீழே எழுதினேன்: ஓம். எத்தனை மணிப் படகு?

ஏழு இருபது.
அறையில் ஏசி இல்லை, ஃபேன்தான்.
கடலில் இறங்கேலாது, ஜெல்லிமீன் காலம்.

பரவாயில்லை,
நீந்தவா போறம்.

நாலு நாளாக நீண்டது பட்டியல்,
இரண்டு கையெழுத்தில்.
பிளாஸ்க். நுளம்புத்திரி. கருவாட்டுப் பொரியல்.
கருவாடு வேண்டாம், அறை மணக்கும்.
சரி, மாசிச் சம்பல்.
(அதுவும் மணக்கும். விட்டுவிட்டேன்.)
வாசலுக்கு வாலபி வருமாம், என்ன குடுக்கிறது?
ஒன்றும் குடுக்கக் கூடாதாம்.
சும்மா பார்க்கலாமாம்.

வெள்ளி விடிய வீடு வந்தேன்.
அவன் கோப்பை இன்னும் சூடாக இருந்தது.
தாளில் இடமில்லை;
ஓரத்தில் செங்குத்தாக, சின்ன எழுத்தில்:
அங்க போய் என்ன கதைப்பம்?

பேனாவைத் திறந்தேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தேன்,
பேனாவையும்.